பாட்டி வாளியும் மைட்டோகாண்ட்ரியாவும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "மைட்டோகாண்ட்ரியாவை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாமே, கொஞ்சம் சிறுநீர் கொடுத்தாலே போதுமா?" அந்தப் 'போதுமா' இரண்டு நாளாக என்னை விடவில்லை.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எங்கே சுற்றினாலும் நான் நகல் கணக்கில்தான் வந்து நிற்பேன். உயிரணுவின் கருவில் பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டே பிரதி. உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் சின்ன உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. சின்ன வளையம், 16,569 எழுத்து, 37 மரபணு. அது ஒரே உயிரணுவில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். தேடுகிறவருக்கு லாபம். 2000-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் புற்றுநோயாளிகளின் சிறுநீர், எச்சில், நுரையீரல் கழுவிய நீரில் தேடியபோது, மாறிப்போன மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, கருவில் இருக்கும், புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவின் மாறிப்போன வடிவத்தைவிட 19 முதல் 220 மடங்கு கிடைத்தது. நகல், நகல், எல்லாம் நகல்தான்!

சரி, கிடைத்துவிட்டால் நோயா? பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பால் வாளியில் கோடு போட்ட மிதவையை விட்டுப் பார்ப்பார்; தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒரு மழைநாளில் பாட்டி வாளி மாட்டிக்கொண்டது. "மழத்தண்ணி பால் மங்குல விழுந்தா நான் என்னய்யா செய்வேன்?" என்று சண்டைக்கே போய்விட்டார். மிதவை பொய் சொல்லவில்லை, தண்ணீர் இருந்தது. யார் ஊற்றியது என்பது அதற்குத் தெரியாது.

இங்கேயும் அப்படித்தான். வயது ஏற ஏற நல்ல உயிரணுவிலும் அந்த டிஎன்ஏ மாறும். அம்மா வழியில் வந்த வேறுபாடும் இருக்கும். அதனால்தான் கட்டியில் கண்டதை அதே ஆளின் ரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

அக்கா, "இன்றைக்கு எதைக் கொடுக்கலாம்?" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஐம்பது வயதானவர்களுக்கு, மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனை அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலேயே இருக்கிறது. அதுவும் பாட்டி வாளிதான். ரத்தம் தெரிந்தால் மூல நோயாகவும் இருக்கலாம், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த பிறகே முடிவு. மாமாவிடம் சொன்னேன். "ஐயே, அதத் தூக்கிக்கிட்டு பஸ்ல எப்படிடா போறது?" என்றார். "சின்னக் குப்பிதான் மாமா, சட்டைப் பையில் அடங்கும்."

"சட்டைப் பையிலயா!"