தாய் எலியின் நாக்கு குட்டியின் மூளையில் எதை மாற்றுகிறது?

வணக்கம். பிறந்த முதல் வாரத்தில் தாய் எவ்வளவு நக்கிக் கொடுத்தது என்பதைப் பொறுத்து, ஓர் எலிக்குட்டி வளர்ந்து பெரிதான பிறகு ஆபத்தைக் கண்டு எவ்வளவு பதறும் என்பது மாறுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பலாம்.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அச்சம் ஏற்படும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, எலியின் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் பெருகுகிறது. மூளையில் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் உள்ள ஏற்பிகள், அதாவது ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், இந்த ஹார்மோனை உணர்ந்து 'போதும்' என்ற செய்தியை அனுப்புவதால் சுரப்பு அடங்குகிறது. ஏற்பிகள் குறைந்தால் அடங்கத் தாமதமாகும்.

[திரையில்: கூட்டில் குட்டிகளை நக்கும் தாய் எலி]

கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழுவினர், குட்டிகளை அதிகம் நக்கும் தாய் எலிகளையும் குறைவாக நக்கும் தாய் எலிகளையும் பிரித்தறிந்தார்கள். அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபோது அவற்றின் ஹிப்போகாம்பஸில் ஏற்பிகள் மிகுதியாக இருந்தன. அவற்றின் பதற்றமும் குறைவாக இருந்தது. 'இது பரம்பரைக் குணமாக இருக்கலாமே' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அந்தக் கேள்விக்கு அவர்கள் விடை தேடிய முறை, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத ஒன்று. குட்டிகள் பிறந்தவுடனேயே தாய்களை மாற்றினார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டி, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்தது. வளர்ந்த பின் அந்தக் குட்டி, பெற்ற தாயை அல்ல, வளர்த்த தாயையே ஒத்திருந்தது. அது பெண் குட்டியானால், தான் ஈன்ற குட்டிகளையும் வளர்த்த தாயைப் போலவே நக்கியது. மரபணுவின் எழுத்துகள் மாறாமலேயே ஒரு குணம் அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிட்டது!

எப்படி? 2004இல் இதே குழு ஆய்வாளர் மோஷே ஷிஃப்புடன் சேர்ந்து விடை தந்தது. நக்கும்போது குட்டியின் மூளையில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினின் சமிக்ஞை கூடுகிறது. அதன் தொடர்விளைவாக, ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் முகப்பில் பூட்டுப்போல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் நீங்குகின்றன. மரபணு தாராளமாக இயங்குகிறது. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளில் அந்தப் பூட்டு அப்படியே நிலைத்துவிடுகிறது. ஆனால், வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி அதையும் அவர்களால் நீக்க முடிந்தது.

இதைக் கேட்டுவிட்டுத் தாய்மீது பழி போட வேண்டாம் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவில் டாலி பராம் குழுவினர், கூடு கட்டும் பொருளைக் குறைத்துத் தாய் எலிகளைக் கம்பிவலைத் தரையில் வைத்தார்கள். தாய் குட்டிகளைக் கைவிடவில்லை; பராமரித்த மொத்த நேரமும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அடிக்கடி எழுந்து போய்த் திரும்பியதால், அந்தப் பராமரிப்பு துண்டுதுண்டாகிப் போனது. வளர்ந்த குட்டிகளின் ஹிப்போகாம்பஸும் நினைவாற்றலும் பாதிக்கப்பட்டிருந்தன. தாய்க்குக் குறைந்தது அன்பு அல்ல, கூடு கட்டுவதற்கான பொருள்.