நாட்காட்டித் தாளின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

மனம் சோர்ந்திருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், உடனே கிடைக்கிற ஆலோசனை ஒன்று உண்டு: ‘நல்லதையே நினை.’ கண்ணாடி முன் நின்று ‘என்னால் எல்லாம் முடியும்’ என்று பத்து முறை சொல்லச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அப்படிச் சொன்னதில் கொஞ்சம் தெம்பு வந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களில் அப்படிச் சொன்னவர்களுக்கோ, சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்திருந்தது. வாய் ‘நான் அன்புக்குரியவன்’ என்கிறது, உள்ளிருந்து ‘யார் சொன்னது?’ என்று ஒரு குரல் கிளம்புகிறது. மருந்து யாருக்குத் தேவையோ, அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் எதை நினைப்பது என்பதை இன்று விட்டுவிடுவோம். கையால் செய்கிற ஒரு சின்ன வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வேண்டியது ஒரு பேனாவும், சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டியும்தான்.

நாட்காட்டித் தாளை நம் வீடுகளில் பெரும்பாலும் காலையில் கிழிப்போம். அதை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாடு முடிந்து அடுக்களை விளக்கை அணைக்கிற நேரத்தில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்று நடந்த நல்ல காரியங்கள் மூன்றை எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் நடந்தது என்று ஒரு வரி. பின்பக்கமும் அச்சடித்திருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்த பயிற்சி இது. ஒரே ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் எழுதியவர்களின் மனநிலை மேலாக இருந்தது. வாரம் முடிந்தும் தாமாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் கூடுதல். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இதைவிடச் சிறியதாகவே தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது சஞ்சீவி மூலிகை அல்ல. ஆனால் ஐந்து நிமிடச் செலவுக்கு மோசமில்லாத வரவு.

ஏன் பலன் தருகிறது? நம் மனத்தில் கெட்டது ஆழமாகப் பதியும். மேலாளரின் ஒரு திட்டு வாரக்கணக்கில் நிற்கும். அவரே சொன்ன பாராட்டு டீ ஆறுவதற்குள் மறந்துபோகும். மறந்துபோகிற அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

பலரும் விட்டுவிடுவது ‘ஏன்’ என்ற வரியை. பாதிப் பயனே அதில்தான் இருக்கிறது. ‘பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஏன்? பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினேன்.’ ‘ரசம் நன்றாக வந்தது. ஏன்? கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்கினேன்.’ ‘மகள் பள்ளிக்கூடத்துக் கதையைத் தானாகவே சொன்னாள். ஏன்? டிவியை நிறுத்தியிருந்தேன்.’ ‘எதிர்வீட்டு அக்கா முருங்கைக்கீரை கொடுத்தார். ஏன்? அவர் மனசு அப்படி.’ ஒரு வாரத் தாள்களைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை இந்த வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். முன்னதாகக் கிளம்பியதே மூன்று முறை வந்திருந்தால், நீங்கள் அடுத்து வளர்க்க வேண்டிய பழக்கம் அதுதான். வேறு யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.

எங்கே தவறிப்போகிறது? முதல் நாளே ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவை நல்லவைதான், ஆனால் இன்று நடந்தவை அல்ல. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடந்தது என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். இன்னொன்று, பிறரோடு ஒப்பிட்டு எழுதுவது. ‘அவர்களைப் போல நமக்குக் கடன் இல்லை’ என்று எழுதினால் அன்றைக்கு ஆறுதல். நாளைக்கு நம்மைவிட வசதியானவர் கண்ணில் பட்டால் அதே அளவுகோல் நம்மையே குத்தும். செல்போனில் எழுதுபவர்கள் மூன்றாவது வரிக்கு வருமுன் வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவார்கள், அது தெரிந்த கதை. வீட்டில் மற்றவர் எடுத்துப் படிப்பார் என்ற எண்ணம் இருந்தால் எழுத்து நாடகமாகிவிடும். தாள்களைப் போட ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் அதைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளையும் கட்டாயப்படுத்தாதீர்கள், வீட்டுப்பாடமாக மாறினால் அதோடு சரி.

மோசமான நாளில் என்ன எழுதுவது? நடந்த கெட்டதை நல்லதாக மாற்றி எழுத வேண்டாம். குளித்த தண்ணீர் இதமாக இருந்தது என்றால் அதை எழுதினால் போதும். துக்க வீட்டில் பேனாவை எடுக்கவே வேண்டாம்.

மூன்று நான்கு வாரத்தில் எழுதுவது சலிப்பாகலாம், மனம் அதில் இருக்காது. அப்போது தினமும் எழுதுவதை நிறுத்தி வாரம் ஒரு முறை ஆக்குங்கள். நன்றிக்குரியவற்றை வாரம் ஒரு முறை எண்ணியவர்களுக்குக் கிடைத்த பலன், வாரம் மூன்று முறை எண்ணியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று உளவியலாளர் சோன்யா லூபொமிர்ஸ்கியின் ஆய்வு காட்டியது. சர்க்கரைப் பொங்கலைத் தினமும் போட்டால் யாருக்குத்தான் இனிக்கும்?

படுத்ததும் நாளைய வேலைகள் தலைக்குள் சுற்றுகிறவர்கள், மூன்று வரிக்கு முன்னால் வேறொரு தாளில் அவற்றை எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடம் அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள் என்று அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2018-ல் சொன்னது. ‘வங்கி வேலை’ என்று மொட்டையாக எழுதாமல் ‘பதினொரு மணிக்குப் பாஸ்புக்கோடு போக வேண்டும்’ என்று எழுதுங்கள். விவரம் கூடக்கூட மனம் அதைக் கீழே வைக்கும்.

இருபத்தோரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது இருபத்தோரு நாளாகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆய்வாளர் பிலிப்பா லாலி 96 பேரைக் கவனித்ததில், ஒரு செயல் தானாக நடக்க எடுத்த நாள் நடுத்தரமாக 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, விட்டுப்போனால் மறுநாள் இரண்டு தாள் எழுதிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுவதுதான் முக்கியம். ‘இரவு ஒன்பது மணிக்கு’ என்பதைவிட ‘அடுக்களை விளக்கை அணைத்ததும்’ என்பது உறுதியான முடிச்சு. பேனாவை நூலில் கட்டி நாட்காட்டி ஆணியிலேயே தொங்கவிடுங்கள். பேனா தேடுகிற இரண்டு நிமிடத்தில்தான் பாதிப் பழக்கங்கள் செத்துப்போகின்றன.

காலையில் போனைத் தொடுமுன் மொட்டை மாடியில் பத்து நிமிட வெளிச்சம், நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, இவையெல்லாமும் நல்லவையே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். தாள் நிலைத்த பிறகு அடுத்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரமும் மனம் இருண்டே இருக்கிறது, பிடித்தது எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அதற்கு மூன்று வரி போதாது. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. அழைப்பு இலவசம், இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணையும் நாட்காட்டி அட்டையின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

வணக்கம்.