கார் ரிம்முக்கு 150 மலேசிய வெள்ளியா? 41 வெள்ளியில் முடிந்த கதை

வணக்கம் மக்களே. இந்த ரிம்மைப் பாருங்கள். கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், எங்கே அடிபட்டது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம். முந்தாநாள் வரை இங்கே உள்ளங்கை நீளத்துக்குச் சிராய்ப்பு.

நம் பத்தாங் பெர்ஜுந்தையில் எதிரே செம்பனைக் குலை லோரி வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றினார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. சரி, ஒதுங்கினேன், ரோட்டோரக் கட்டில் முன்சக்கரம் உரசிவிட்டது. நாளைக் காலை புஸ்பாகோமில் வாகனச் சோதனை. இ-ஹெய்லிங், அதாவது ஆப் டாக்சி ஓட்டுகிற காடிக்கு மூன்று வயது தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை உண்டே. என் மைவி கார் 2019 மாடல்.

ஒரு கடையில் காட்டினேன். "150 வெள்ளி தம்பி, இப்படியே போனால் ஃபெயில்தான்." இந்தப் பயமுறுத்தி விற்கிற வேலையே எனக்கு ஆகாது! சோதனையில் கவலைப்பட வேண்டியது விரிசல், நெளிவு, 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் பள்ளம். என்னுடையது தோல் உரிந்த காயம். உள்விளிம்பில் சவர்க்கார நுரை தடவியும் பார்த்தேன், குமிழி கிளம்பவில்லை. விரிசல் இருந்தால் புட்டி அப்பி மறைக்காதீர்கள், ரிம்மையே மாற்றுங்கள்.

ஆனாலும் அசிங்கமாக இருந்தது, அதனால் நானே இறங்கினேன். உப்புத்தாள், புட்டி, அடியில் பூசுகிற பிரைமர், சில்வர் பெயிண்டு, மேலே அடிக்கிற கிளியர் எல்லாம் சேர்த்து 38 வெள்ளி 50 காசு. என்னைத்தான் தெரியுமே, அந்த 50 காசுக்குப் பத்து நிமிடம் பேசினேன். கடைசியில் கடை அக்கா, "மாஸ்கிங் டேப் ஒன்று எடுத்துக்கோ, 50 காசு விடுறேன்" என்றார். டேப் 3 வெள்ளி. எடுத்துக்கொண்டேன். ஜெயித்தது யார் என்று கமெண்டில் சொல்லாதீர்கள்.

240 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், பள்ளத்தில் மட்டும் புட்டி, காய்ந்ததும் 400, அப்புறம் 800. விரல் ஓட்டினால் ஓரம் தட்டக்கூடாது, அதுவரை தேய்க்க வேண்டும். பெயிண்டு எல்லாம் மெல்லிசாக மூன்று தடவை.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். முதலில் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள், பிரேக் டிஸ்க்கில் ஸ்ப்ரே படக்கூடாது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே சீட்டுக்கட்டைச் சுற்றிலும் செருகிவிட்டால் டயரிலும் படாது. ஆமாம், அந்த 3 வெள்ளி டேப்பைப் பிரிக்கவே இல்லை. சீட்டுக்கட்டு அப்பாவுடையது, இந்த வீடியோவை அவருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நேற்று கிளியர் அடித்த கையோடு நாலு மணிக்கு மழை. ஈரக்காற்றில் பாலாடை படர்ந்த மாதிரி வெளுத்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேசாகத் தேய்த்து, இன்று காலை வெயிலில் மறுபடி அடித்ததுதான் நீங்கள் பார்க்கிற இந்தப் பளபளப்பு.

நான்கு நட்டும் இன்னும் பூட்டவில்லை. அந்தப் பக்கம் வானம் வேறு கறுக்கிறது. இருங்கள், முதலில் இதை உள்ளே உருட்டிவிட்டு வருகிறேன்.