செம்பருத்தியா, வெட்சியா? மண்ணைப் பார்த்து முடிவு செய்வோம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் விதைத்து ஆண்டுதோறும் பிடுங்கும் பூச்செடிகளை இன்று விட்டுவிடுவோம். ஒருமுறை நட்டால் பல்லாண்டுகள் அதே இடத்தில் நின்று பூக்கும் செடிகளில் இரண்டை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று செம்பருத்தி, மற்றொன்று, இட்லிப்பூ என்று பலரும் அழைக்கும் வெட்சி. இரண்டும் வெப்பநிலப் புதர்ச் செடிகள். இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு, ஆண்டு 1753. உறைபனியை இரண்டுமே தாங்குவதில்லை. நாற்றுப்பண்ணையில் இரண்டும் சிவக்கச் சிவக்கப் பூத்து அடுத்தடுத்து நிற்பதால், கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். இவ்விரண்டில் எதை நடுவது என்பதைப் பூவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நடப்போகும் இடத்து மண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் செம்பருத்தி. பருத்தியும் வெண்டையும் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது இது. அதன் பூ காலையில் விரிகிறது, பெரும்பாலும் அன்று மாலையே சுருங்கிவிடுகிறது. ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள் என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் அதனால் செடிக்கு என்ன வேலை வந்து சேருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் பூ வேண்டுமென்றால் நாள்தோறும் புதிய மொட்டு முதிர வேண்டும். அந்த மொட்டோ புதிதாக வளரும் தளிர்க்கிளையின் இலைக்கக்கத்தில்தான் தோன்றும். தளிர் ஓட்டம் நின்றால் பூவும் நின்றுவிடும். எனவே இந்தச் செடி ஓயாமல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஓயாமல் வளர்வதால் நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலும், வேர்ப்பகுதி காயாத ஈரமும், விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக உரமும் கேட்கிறது.

அதற்காகத் தழைச்சத்தை (நைட்ரசனை) அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ குறையும். மணிச்சத்து (பாசுபரசு) மிகுவதும் செம்பருத்திக்கு ஆகாது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) சற்றுத் தூக்கலான உரமே அதற்கு ஏற்றது. முதிர்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால், இரண்டு மூன்று மாதங்களில் புதுக்கிளைகள் நிறையப் பூக்கும். அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செம்பருத்தி வளர்ப்போர் அடிக்கடி சொல்லும் குறை, மொட்டு விரியாமலே உதிர்கிறது என்பது. உதிர்ந்த மொட்டை வீசிவிடாமல் நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்நிறத்தில் நூல்துணுக்குப் போன்ற சிறு புழுக்கள் நெளிந்தால், மொட்டுக்குள் முட்டையிடும் ஈயின் வேலை அது. அந்தப் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் முன்னரே, விழுந்த மொட்டுகளை நாள்தோறும் பொறுக்கி அழித்துவிட்டால் பெருக்கம் அறுபடும். உள்ளே புழு இல்லையென்றால், ஒருநாள் காய்ந்தும் மறுநாள் வெள்ளமாகவும் தண்ணீர் விடுகிறோமா, போதிய வெயில் படுகிறதா, கண்ணுக்கு எளிதில் தென்படாத இலைப்பேன்கள் மொட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி மற்றொரு தொல்லை. தண்டில் எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டால் நுனித்தளிரைப் பாருங்கள். வெண்பஞ்சு படிந்து இலை சுருண்டிருக்கும். அந்த நுனியை வெட்டி அப்புறப்படுத்தி, மீதியை வேகமான நீரால் அடித்துக் கழுவி, சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய் தெளித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். சொல்லும்போது தொல்லைகளின் பட்டியல் நீளமாகத் தோன்றலாம். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் கண்முன்னே நடப்பது, அந்தப் பருவத்திலேயே சரிசெய்யக்கூடியது.

வெட்சியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகங்கள். காப்பிச் செடியின் குடும்பம். ஒரு கொத்தில் பத்துகளில் எண்ணத்தக்க சிறு பூக்கள் இருந்தாலும், அவை ஒரே நாளில் விரிவதில்லை. சில விரிய, சில உதிர, ஒரு கொத்து வாரக்கணக்கில் நிறம் குன்றாமல் நிற்கும். அந்தப் பூ ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. நான்கு இதழ், அவற்றின் கீழே ஊசிபோல் நீண்ட குழல், அதன் அடியில் தேன். மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பைகள் தம் தூளைச் சூல்தண்டின் மேற்பகுதியில் பூசிவிடுகின்றன. பூ விரிந்ததும் மகரந்தத்தை ஏந்தியபடி சூல்தண்டு வெளியே நீண்டு நிற்கிறது. அதன் பிறகே அதே தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து அயல்பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளுக்கு உகந்த அமைப்பு இது. வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்பதற்காகத் தோட்டம் போடுகிறவருக்கு, வெட்சியைக் காட்டிலும் நல்ல புதரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு பொறுமையான செடிக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. அதற்குப் புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். மண்ணின் கார அமில நிலையைக் காட்டும் எண்ணில் (pH) ஏழு என்பது நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அந்த எண் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் இருந்தால் அதற்கு உவப்பு. ஏழைத் தாண்டினால் துன்பம் தொடங்கிவிடும். காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அது வேரால் உறிஞ்ச இயலாத வடிவில் இறுகிவிடுகிறது. செடி அதை இலையில் எழுதிக் காட்டும்: நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். நுனியிலைகள் முதலில் மஞ்சளானால் இரும்புக் குறைவு. இந்த வேறுபாட்டை அறியாமல் உரத்தை மேன்மேலும் கொட்டி வீணான வெட்சிகள் ஏராளம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதைவிட வருத்தம் தருவது நாம் அதற்கு ஒதுக்கும் இடம். வேலிக்குத் தக்க குட்டைப்புதர் என்பதால் வெட்சியைச் சுற்றுச்சுவரின் அடியோரத்தில் வரிசையாக நட்டுவிடுகிறோம். கட்டடத்தின் சிமெண்டிலும் பூச்சிலும் உள்ள சுண்ணாம்பு மழையில் கரைந்து இறங்குவதும், கட்டும்போது சிந்திய கலவை மண்ணில் புதைந்து கிடப்பதும் அந்த ஓரத்தில்தான். தோட்டத்திலேயே காரம் மிகுந்த மண்ணில், காரத்தை வெறுக்கும் செடியை வைக்கிறோம். சுவரிலிருந்து மூன்று நான்கு அடியாவது தள்ளி நடுவது நல்லது. இரும்புச்சத்துக் கரைசலை இலைமேல் தெளித்தால் தெளித்த இலைகள் பச்சையாகும் என்பது உண்மை. ஆனால் அடுத்து வரும் தளிர் மறுபடி மஞ்சளாகவே வரும், ஏனெனில் மண் மாறவில்லை.

ஆகவே நடுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றும்போது நுரைத்துப் பொங்கினால், அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. அத்தகைய மண்ணில் கந்தகத்தூள் இட்டுக் காரத்தைக் குறைக்க முயல்வது வீண்; இட்டதையெல்லாம் சுண்ணாம்பு விழுங்கிவிடும். அங்கே வெட்சி வேண்டுமென்றால் இலைமக்கு நிறைந்த கலவையில், தொட்டியில் வளர்ப்பதுதான் வழி. நுரைக்காவிட்டாலும் காரம் இருக்கலாம். ஒரு பரிசோதனைத் தாள் அதைச் சொல்லிவிடும். சற்றே காரமான மண்ணானால், கந்தகத்தூளையும் மக்கையும் சில மாதங்கள் முன்னதாகவே கலந்து வைத்து, பிறகு நட்டு, இலைச்சருகால் மூடாக்கு இட வேண்டும். பாசன நீரே உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் வீட்டில், சேமித்த மழைநீரை வெட்சிக்கு ஒதுக்குவது மிகுந்த பயன் தரும். செம்பருத்தியும் சற்றுப் புளிப்பான மண்ணையே விரும்புகிறது என்றாலும், வெட்சி அளவுக்கு அது கறாராக இருப்பதில்லை.

கவாத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வெட்சியின் கொத்து கிளையின் உச்சியில்தான் அமையும். பெட்டி வடிவம் வேண்டுமென்று மாதந்தோறும் மேற்புறத்தை மழித்தால், உருவாகிவரும் பூங்கொத்துகளையே வெட்டி எறிகிறோம். கொத்து வாடியவுடன் அதற்குக் கீழே ஒரு கணு விட்டு வெட்டினால் போதும். பதியம், குச்சி நடுதல் இரண்டுமே வெட்சிக்கு ஏற்றவை. சற்றுத் தாமதமாக வேர்விடும், அவ்வளவே.

என் தேர்வைக் கேட்டால் மறைக்காமல் சொல்வேன். மண்ணின் தன்மை தெரியாத புதிய வீடு, சுவரை ஒட்டிய குறுகிய பாத்தி, அன்றாடம் செடியருகே நிற்க விருப்பமுள்ள ஆள் என்றால் செம்பருத்தி. புளிப்பு மண்ணும், நல்ல வெளிச்சமும், மெதுவாக வளரும் செடிக்குக் காத்திருக்கும் மனமும் உள்ளவருக்கு வெட்சியே மேல். வேர் ஊன்றிய பிறகு அது கேட்கும் பராமரிப்பு மிகக் குறைவு. இரண்டையும் வைக்க இடமிருந்தால், உயர்ந்து வளரும் செம்பருத்தியைப் பின்னாலும் வெட்சியை முன்னால் வெயில் படும்படியும் நடுங்கள். உரத்தை மட்டும் தனித்தனியே கொடுங்கள். செம்பருத்திக்குச் சாம்பல்சத்து வேண்டுமென்று மரச்சாம்பலைத் தூவும்போது அது வெட்சியின் வேரடிக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மரச்சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும். நன்றி, வணக்கம்.