அடர்ந்த காட்டில் விலங்கு தெரியாது: எந்த மழைக்காட்டுக்குப் போகலாம்?

வணக்கம் நண்பர்களே. மழைக்காட்டுக்குப் போய் விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் அமேசானுக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு கசப்பான சேதியைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காட்டில் உயிரினங்கள் ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கண்ணில் படாது.

முதுமலையிலும் கபினியிலும் மான்கூட்டம், காட்டெருமை, யானை என்று வரிசையாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கடினம். அங்கே வெயில் தரைவரை இறங்குகிறது. புல் முளைக்கிறது, புல்லைத் தேடிக் கூட்டம் வருகிறது. மழைக்காட்டிலோ மரங்கள் நாற்பது ஐம்பது மீட்டர் உயரத்தில் கூரை போட்டுவிடுகின்றன. தளிர், பூ, பழம் எல்லாம் அங்கேதான். அவற்றைத் தின்பவையும் அங்கேதான். கீழே நிற்கிற நமக்குக் கழுத்துவலியும் அட்டைக்கடியும் மிச்சம். போர்னியோத் தீவின் டனும் பள்ளத்தாக்கில் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஒரு மரத்தை அளந்திருக்கிறார்கள். அதன் உச்சியில் ஒராங்குட்டான் உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன தெரியப்போகிறது?

அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, அந்தக் காட்டில் பார்வைக்கு எங்கே வழி திறக்கிறது என்பதைத்தான். அது ஓர் ஆறாக இருக்கலாம், பறவைகள் மண் தின்ன வரும் ஒரு கரையாக இருக்கலாம், தேயிலைத் தோட்டத்து ஓரமாகவும் இருக்கலாம். அப்படி ஒரு திறப்பு இல்லாத காடு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

இந்தக் கணக்கில் எனக்கு முதலிடம் அதே போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினபத்தாங்கான் ஆறு. சுமார் 560 கிலோமீட்டர் நீளம். சபாவிலேயே நீளமான ஆறு இதுதான். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து விமானத்திலேயே சபாவின் சண்டக்கான் நகரம், பிறகு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாலைப் பயணம். சுக்காவ், பிலிட் என்ற ஆற்றங்கரைக் கிராமங்களில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஒன்றை நினைவில் வையுங்கள்: கோலாலம்பூரில் குடிநுழைவு முத்திரை வாங்கியிருந்தாலும் சபாவில் இறங்கியதும் இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டும். அந்த மாநிலத்துக்கென்று தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு.

அங்கே விலங்கு பார்ப்பது படகிலிருந்துதான். விடிந்ததும் ஒரு சுற்று, மாலை நான்கு மணி வாக்கில் ஒரு சுற்று. மாலைச் சுற்றைத் தவறவிடாதீர்கள். நீள்மூக்குக் குரங்குகள் பகலெல்லாம் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, இரவு தூங்குவதற்கு ஆற்றங்கரை மரங்களுக்கு வந்து சேருகின்றன. படகோட்டி எஞ்சினை நிறுத்துகிறார். தண்ணீர் பலகையில் மோதும் சத்தத்துக்கு மேலே, மூக்கடைப்பு வந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல ஓர் ஒலி கேட்கும். அண்ணாந்து பார்த்தால், வாய்க்கு மேல் தொங்கும் மூக்கும், இலை செரிப்பதற்கென்றே வளர்ந்த பானை வயிறுமாகக் கிளைக் கவட்டில் ஓர் ஆண் குரங்கு உட்கார்ந்திருக்கும். செம்பழுப்பு முதுகு, இடுப்பிலிருந்து வெள்ளை வால். சுற்றிலும் பெண் குரங்குகளும் குட்டிகளும். இடம் பிடிக்க ஒன்று தாவும்போது கிளை வளைந்து, நிமிர்ந்து, இலைகள் உதிர்ந்து தண்ணீரில் விழும். இது தினமும் மாலையில் நடப்பது. வேறு எந்த மழைக்காட்டில் இப்படி வேளை தவறாமல் வந்து காட்சி கொடுக்கிறார்கள்?

அதே ஆற்றில் எட்டு வகை இருவாச்சிப் பறவைகள் இருக்கின்றன. முதலையும் உண்டு, கையைத் தண்ணீரில் விடாதீர்கள். யானையும் ஒராங்குட்டானும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை. யானைக்கூட்டம் ஆற்றை ஒட்டியே மேலும் கீழுமாக நடக்கும். நீங்கள் தங்கும் வாரத்தில் அது உங்கள் பக்கம் வர வேண்டும். கரையோர அத்திமரம் பழுத்திருந்தால் ஒராங்குட்டான் தென்படும் வாய்ப்பு கூடும். "ஒராங்குட்டான் உறுதி" என்று விளம்பரம் செய்யும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களை நான் நம்புவதில்லை. ஒராங்குட்டானை எப்படியும் பார்த்தே தீர வேண்டும் என்றால், சண்டக்கானுக்குப் பக்கத்தில் 1964 முதல் இயங்கும் செப்பிலோக் மறுவாழ்வு மையத்தில் ஒரு நாள் செலவிடுங்கள். தாயை இழந்தவற்றையும் மீட்கப்பட்டவற்றையும் அங்கே காட்டுக்குப் பழக்குகிறார்கள். உணவு மேடைக்கு அருகில் நின்று பார்க்கலாம். அதைக் காட்டு விலங்கு பார்த்த கணக்கில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் மனசாட்சி.

இப்போது மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கினபத்தாங்கானில் விலங்குகள் ஏன் இவ்வளவு எளிதாகத் தெரிகின்றன? காடு மெலிந்துபோனதும் அதற்கு ஒரு காரணம். சண்டக்கானிலிருந்து போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே மரம், ஒரே வரிசை. விலங்குகளுக்கு மிஞ்சியது பல இடங்களில் ஆற்றை ஒட்டிய ஒரு பட்டைதான். கிட்டத்தட்ட 26,000 ஹெக்டேர் பரப்பில் 2005இல் சரணாலயம் அறிவித்தார்கள். அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. நாம் ஒதுங்கி நின்று வருத்தப்படவும் முடியாது. நம் ரேஷன் கடையில் பாக்கெட்டில் தரும் பாமாயில் செம்பனையிலிருந்து வருவதுதான். இதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றே சொல்வேன். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். காட்டுக்குள் வருகிற பயணியின் பணம் நின்றுபோனால், மிச்சமிருக்கும் பட்டைக்காக அங்கே பேச ஆள் குறைந்துவிடும்.

துண்டாகாத காடுதான் வேண்டும் என்பவர்களுக்கு அதே சபாவில் டனும் பள்ளத்தாக்கு. 438 சதுர கிலோமீட்டர் பரப்பு, கோடரி படாத காடு. செலவு அதிகம், விலங்குகள் தெரிவது குறைவு. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பெருமழையைத் தவிர்ப்பது நல்லது.

சரி, அமேசான். சிறுத்தையைவிடப் பெரிய ஜாகுவார் வேண்டும் என்று கேட்பவர்கள் பிரேசிலின் பந்தனாலுக்குப் போக வேண்டும். அது மழைக்காடே அல்ல, பரந்த சதுப்புநிலம். ஆற்றங்கரை வெட்டவெளியாக இருப்பதால் ஜாகுவார் அங்கேதான் நன்றாகத் தெரிகிறது. அமேசானுக்கே போவதென்றால் பெரு நாட்டின் தம்போபாத்தாவை நான் சொல்வேன். காலையில் மக்காவ் கிளிகள் நூற்றுக்கணக்கில் ஆற்றங்கரை மண்ணைத் தின்ன வருகின்றன. நான் சொன்ன திறப்பு அங்கே அந்த மண்கரைதான். மறந்துவிடக்கூடாத ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் ஓடாதீர்கள்.

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்கள். வெளிநாட்டவருக்கு அனுமதிச் சீட்டு மட்டும் 800 டாலர். எட்டுப் பேர் குழுவாக, கொரில்லாக்களோடு ஒரே ஒரு மணி நேரம். மனிதர்களுக்குப் பழக்கப்பட்ட குடும்பத்தை வனப் பணியாளர்கள் தினமும் பின்தொடர்வதால் பார்க்காமல் திரும்புவது அரிது. பணம் இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

இலங்கையின் சிங்கராஜா மழைக்காடு பறவைப் பிரியர்களுக்கு. அங்கே திறப்பு வேறு மாதிரி. வெகுநேரம் ஒன்றுமே இல்லாமல் நடப்பீர்கள். திடீரென்று பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்த ஒரு கூட்டம் உங்களைக் கடந்து போகும். சில நிமிடங்களில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறிவிடுவீர்கள். பாலூட்டிகளை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

இவ்வளவும் பேசிவிட்டு நம் வால்பாறையைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையில் கினபத்தாங்கானுக்கு டிக்கெட் எடுக்கும் முன் எல்லோரும் இங்கே ஒருமுறை போய்ப் பழகிவிட்டு வருவது நல்லது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழ் வளைவுகளிலேயே வரையாடு நிற்கும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டுகளாக மிஞ்சியிருப்பதால் இங்கேயும் ஓரத்தில் நின்று பார்க்க முடிகிறது. புதுத்தோட்டம் என்ற எஸ்டேட் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கின்றன. வண்டியில் அடிபடாமல் இருக்க மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அவற்றுக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள். தின்று பழகிய குரங்கு சாலைக்கு இறங்குகிறது, அப்புறம் பாலம் எதற்கு? டிசம்பருக்குப் பிறகு கோடைவரை போனால், மரப்பொந்துக்குள் அடைபட்ட பெண் பறவைக்கு ஆண் இருவாச்சி பழம் கொண்டுவந்து ஊட்டுவதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். இருட்டிய பிறகு தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம். யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளைச் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். அவை சுற்றுலா அலங்காரம் அல்ல.

கடைசியாகச் சாமான்கள். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், இதுதான் அட்டைக் காலுறை. நெருக்கமாக நெய்த துணி, முழங்காலுக்குக் கீழே நாடா. சாதாரணக் காலுறையின் நூல் இடைவெளியில் அட்டை நுழைந்துவிடும், இதில் நுழையாது. வால்பாறைக்கும் சிங்கராஜாவுக்கும் டனுமுக்கும் இது கட்டாயம். தொலைநோக்கி வாங்குவதென்றால் 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் வில்லை போதும். 12 மடங்கு வாங்கினால் படகு ஆடும்போது குரங்கும் சேர்ந்து ஆடும், ஒன்றும் நிற்காது. கேமராவை நினைத்துத் தொலைநோக்கியைத் தவிர்க்காதீர்கள். விடுதியை முன்பதிவு செய்யும்போது ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.