கோயில் பின்னால காலியா கெடக்குற நிலத்த பிள்ளைங்ககிட்ட குடுங்க

(மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் ஒரு கோயில் மண்டபத்துல இளைஞர் மன்றத்துக்காக பேசுனது. சில பேரு கேட்டாங்க, அதான் எழுதிட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்குற டத்தோ (கௌரவப் பட்டம் வாங்குனவர்) அவர்களே, ஞாயித்துக்கிழமையும் பார்க்காம வந்திருக்குற ஒய்.பி.யோட (நம்ம மக்கள் பிரதிநிதியோட) ஆள் அவர்களே, கோயில் தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு ஐயாமார்களே, தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியை அம்மா அவர்களே, மத்தியான சாப்பாட்டுக்கு விடியக்காலையிலயே வந்து அடுப்பு மூட்டுன மகளிர் பிரிவு அக்காங்களே (அவங்களுக்கு ஒரு கைதட்டு குடுங்க, இன்னும் பலமா!), முன் வரிசை தம்பி தங்கச்சிங்களே.

மூணு விஷயம் பேசணும். கைவேலை, தலைமைத்துவம், நிதி.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். நான் எங்க பேசுனாலும் இத சொல்லாம உட்கார மாட்டேன். நாப்பழக்கத்துக்கு நம்மகிட்ட பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், திருக்குறள் போட்டின்னு நிறைய இருக்கு, நல்லதுதான். கைப்பழக்கத்துக்கு என்ன இருக்கு? தாத்தா பாட்டி தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, பேரப்பிள்ளை ஃப்ளாட்ல பத்தாவது மாடியில வளருது, மண்ணுல கால் படல.

அமெரிக்காவுல 1902ல ஒஹாயோ மாநிலத்துல கிரஹாம்னு ஒரு கல்வி அதிகாரி பிள்ளைங்களுக்கு மன்றம் ஆரம்பிச்சாரு. சோளம் நட வச்சாரு, மண்ண சோதிக்க வச்சாரு. அந்த மாதிரி மன்றங்கதான் பின்னால 4-எச் ஆச்சு. தலை, நெஞ்சு, கை, உடல்நலம், இதுதான் அந்த நாலு. புது விவசாய முறைய பெரியவங்க காதுல வாங்கல, பிள்ளைங்க வெளைய வச்சு காட்டுனப்பதான் அப்பாமாரு திரும்பிப் பார்த்தாங்க. நம்ம நாட்டுலயும் கம்பத்து, அதாவது கிராமத்து, இளைஞருக்கு பெலியா 4பின்னு ஒரு இயக்கம் இருக்கு.

இப்ப ஒரு பையன் கதை. பேரு வேணாம், ஃபோர்ம் டூ, இடைநிலைப்பள்ளியில ரெண்டாவது வருசம். வாயத் தொறக்க மாட்டான். எங்க மன்றத்துல பழத்தோல் என்சைம் போட்டோம், பழத்தோல புளிக்க வச்சு எடுக்குற கரைசல், 1 பங்கு சக்கரை, 3 பங்கு பழத்தோல், 10 பங்கு தண்ணி, மூணு மாசம் ஊறணும். பூஜைக்கு வந்த வாழப்பழத் தோலு, பசார்ல கேட்டு வாங்குன அன்னாசித் தோலு, எல்லாம் போட்டு பிளாஸ்டிக் போத்தல்ல அடைச்சோம். முதல் மாசம் தினமும் மூடிய தொறந்து காத்த விடணும், இல்லன்னா உள்ள கேஸ் ஏறிடும். தொறக்குற வேலை இவனுக்கு. பள்ளி லீவுல மாமா வீட்டுக்குப் போயிட்டான், யார்கிட்டயும் சொல்லல. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தீபாராதனை நேரம், டமார்! ஒரு பாட்டி பட்டாசுன்னு நெனச்சு கும்பிட்டுட்டாங்க, குருக்கள் மணிய நிறுத்திட்டாரு, சுவரெல்லாம் பழத்தோலு, ஈரம், புளிச்ச வாடை. நிர்வாகம் கடுங்கோபம், மன்றத்தையே காலி பண்ணுங்கன்னாங்க. மறுவாரக் கூட்டத்துல இந்தப் பையன் எழுந்து நின்னான். கை நடுங்குது, கையில ஒரு மணிலா அட்டை. அதுல யார் யார் எந்த நாள் தொறக்கணும், வராட்டி பதிலுக்கு யாருன்னு கோடு போட்டு எழுதியிருக்கான். "நான்தான் தொறக்கல. சுவத்த நானே கழுவிட்டேன். இனிமே இப்படி செய்வோம்." அவ்ளோதான் பேசுனான். தலைவரே அட்டைய வாங்கி சுவத்துல ஒட்டுனாரு. அதுதாங்க தலைமைத்துவம்! எந்த முகாம்லயும் சர்டிபிகேட் குடுத்து இத வரவைக்க முடியாது. சித்திரமும் கைப்பழக்கம்!

2019ல நாடாளுமன்றத்துல இளைஞர்னு சொல்றதுக்கான வயசு வரம்ப 40ல இருந்து 30க்கு இறக்கி சட்டத்த திருத்துனாங்க. அப்ப பொறுப்புக்கு வரப்போறது இந்தப் பிள்ளைங்கதான், பழகுறதுக்கு எடம் வேணாமா? பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, கோயில் அத விட அதிகம். எத்தனையோ கோயில் பின்னால லாலாங் புல்லு மண்டிக் கெடக்கு, திருவிழாவுக்கு ஒரு நாள் கார் நிறுத்துறோம், மத்த நாள் பாம்பு குடியிருக்கு. அந்த எடத்த குடுங்கன்னுதான் போற எடமெல்லாம் கேக்குறேன். விக்க வேணாம், எழுதிக் குடுக்க வேணாம், வருசத்துக்கு ஒரு அனுமதிக் கடிதம் போதும். கங்கோங் கீரை போட்டா ஒரு மாசத்துல அறுக்கலாம், அன்னதானத்துக்கு கீரை வாங்குற காசும் மிச்சம். கோயில் பூவும் மாலையும் குப்பைக்குப் போகாம உரமாகும்.

நிதி பத்தி பேச நேரமில்ல, டத்தோவுக்கு பட்டர்வொர்த்துல அடுத்த நிகழ்ச்சி இருக்கு, அவரு இவ்ளோ நேரம் உட்கார்ந்ததுக்கு நன்றி. தலைவர் ஐயா, கடிதத்த டைப் பண்ணியே கொண்டாந்திருக்கேன், செயலாளர்கிட்ட இருக்கு, இன்னிக்கே கையெழுத்து போட்டா வர்ற சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து லாலாங் வெட்டுறோம். பிள்ளைங்க பூட்ஸ் போட்டுட்டு வாங்க. நன்றி, வணக்கம்.