பாதிப் புத்தகம் வரை பிறக்காத நாயகன்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர் கைதட்டல் வாங்கிப் போனார். ஜெஃப்ரி யூஜினிடிஸின் ‘மிடில்செக்ஸ்’ நாவலில் நாயகன் பிறக்கவே பாதிப் புத்தகம் ஓடிவிடுகிறது, துருக்கியின் ஸ்மிர்னா நகரம் (இன்றைய இஸ்மிர்) எரிந்த தீயும் பாட்டி வளர்த்த பட்டுப்புழுவும் எதற்கு, பெண்ணாக வளர்ந்த கலையோப்பி 1974-இல் கேல் என்ற ஆணாகும் இடத்தில் தொடங்கினால் போதாதா என்று கேட்டார். போதாது ஐயா!

கேலுக்கு இருப்பது 5-ஆல்ஃபா-ரிடக்டேஸ் குறைபாடு. எக்ஸ்-ஒய் (ஆண் குரோமோசோம்) கருவில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரக்கும். அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதிதான் சரியாக வேலை செய்யாது. ஆணின் வெளியுறுப்பு முழுமையாக உருவாக அந்த இரண்டாவது ஹார்மோன் வேண்டும். அதனால் பல பிள்ளைகளைப் பிறந்தவுடன் பெண் என்று எழுதிவிடுகிறார்கள். பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருகியதும் குரல் உடைகிறது, தசை ஏறுகிறது. பிழையுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இது நடக்கும். ஒரு பிரதி மட்டும் சுமப்பவரிடம் வெளியே எதுவும் தெரியாது. இரண்டும் வந்த எக்ஸ்-எக்ஸ் பெண்ணின் தோற்றத்திலும் தெரியாது. பெற்றோர் இருவரும் சுமந்தால் பிள்ளைக்கு இரண்டும் வரும் வாய்ப்பு 4-இல் 1. அதில் பாதி எக்ஸ்-எக்ஸ் என்பதால், வெளியே தெரிவது 8-இல் 1. இப்படி ஒளிந்து நடப்பதை ஒரே தலைமுறையில் எப்படிக் காட்டுவது? (மரபணுவை ஐந்தாம் குரோமோசோமில் வைத்தது நாவலின் பிழை, அது இருப்பது இரண்டாவதில். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

கேலின் தாத்தாவும் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். ‘அக்கா தம்பி மணந்த பாவம் பேரப்பிள்ளை மேல் விழுந்ததாம்’ என்றார் எதிரணித் தோழர். அப்படிப் பயப்படுவது அந்த டெஸ்டமோனா பாட்டி. உறவுக்குள் மணம் மரபணுப் பிழையை உண்டாக்காது. ஏற்கெனவே இருப்பவை இரண்டும் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவே. அந்த அக்கா தம்பிக்குப் பிறந்த மில்டனுக்கு, அதாவது கேலின் அப்பாவுக்கு, ஒன்றுமில்லை. அவர் மணந்த டெஸ்ஸி, அதாவது கேலின் அம்மா, பாட்டியின் ஒன்றுவிட்ட சகோதரி மகள். அக்கா மகளைக் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கவும் வேண்டுமா?

பிறந்தவுடன் ஏன் கண்டுபிடிக்கவில்லை? பார்த்தவர் வயதான டாக்டர் ஃபிலோபோசியன். 1922-இல் ஸ்மிர்னா எரிந்தபோது தன் குடும்பத்தையே இழந்தவர். கேலின் தாத்தா பாட்டியோடு தப்பி வந்தவர். அவரை விட்டு வேறு டாக்டரிடம் போக அந்த வீட்டுக்கு மனம் வருமா? தீயை நீக்கினால் இந்த விசுவாசமும் போய்விடும், வெறும் கவனக்குறைவுதான் மிஞ்சும்.

நியூயார்க்கில் பாலின நிபுணர் டாக்டர் லூஸ் சோதனை மேல் சோதனை செய்து, பெண்ணாகவே வைத்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார். கடைசியில் பாட்டி கேலிடம் சொல்கிறாள்: பெண்ணாக வளர்ந்து பருவத்தில் ஆணாக மாறிய பிள்ளைகள் தங்கள் ஊரில் முன்பே இருந்ததாகத் தன் தாய் சொன்ன கதையை. லூஸ் தேடிய விடையின் முக்கியத் துண்டு கேலின் வீட்டிலேயே இருந்திருக்கிறது. தன் திருமணத்தை மறைக்கப் போன பாட்டி அதையும் சேர்த்தே பூட்டி வைத்திருந்தாள்.